எண்ணெய் விடாத வேலை

பெரியப்பாவின் யாஷிகா கேமராவைக் கெடுத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலமும் மன்னார்குடியின் ஈரக்காற்றும் தங்கள் பங்குக்குச் சில வேலைகளைச் செய்திருந்தன என்பது உண்மை; ஆனால் அவை இரண்டும் சேர்ந்து முப்பது ஆண்டுகளில் செய்ததைவிட, 2009ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருவன் செய்தது அதிகம். அதைச் சரிசெய்து முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்க்காத சிக்கல் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. கதவுக் கீல் முனகினால் எண்ணெய், சைக்கிள் செயின் இறுகினால் எண்ணெய், தையல் மிஷின் ஓடாவிட்டால் எண்ணெய், பிள்ளைக்கு உடம்பு சூடானால் உச்சந்தலையில் எண்ணெய், காது வலித்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெய். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் கையில், ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் பாதி திறந்து நின்றுவிட்ட ஒரு கேமரா கிடைத்தால் அவனுக்கு வேறென்ன தோன்றும்?

அது யாஷிகா மேட் 124ஜி என்னும் இரட்டை லென்ஸ் கேமரா. ஜப்பானில் 1970இல் வெளிவந்து 1986 வரை தயாரிக்கப்பட்டது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு. அதன் வழியே வரும் உருவம் 45 பாகை சாய்ந்த கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள பால்கண்ணாடித் திரையில் விழும். கீழே இருப்பதுதான் படம் எடுக்கும் லென்ஸ். ஷட்டர் அதன் நடுவில் இருக்கிறது. மார்புக்குக் கீழே கேமராவைத் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். திரையில் இடவலம் மாறித் தெரிவதால், புதிதாகப் பிடிப்பவர் மணமகளை நடுவில் கொண்டுவர நினைத்து அவளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். பெரியப்பாவின் கைக்கு அந்தத் திருப்பம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. பிற்காலத்தில் சாதாரண கேமராவைப் பிடிக்கும்போதுதான் அவர் தவறான பக்கம் நகர்வார்.

அவர் மன்னார்குடியில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தார். 1979இல், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரிடமிருந்து இந்தக் கேமராவை வாங்கினார். வெளிநாட்டுக் கேமராவை முறைப்படி வரி கட்டி வாங்குவதென்பது அந்நாளில் சிற்றூர் ஸ்டூடியோக்காரர்களால் நினைத்தும் பார்க்க முடியாத செலவு என்பதால், கப்பலில் வந்தவர்களின் பெட்டிகளும் சென்னை பர்மா பஜாரும்தான் அவர்களுக்குக் கடைகளாக இருந்தன. 120 எண் ஃபிலிம் ரோல் ஒன்றில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். ரோல் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவாக இருக்கும். அது கிடைக்காதபோது உதகமண்டலத்தில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’வாக இருக்கும். நடுத்தரக் கல்யாணம் ஒன்றுக்கு மூன்று ரோல், அதாவது முப்பத்தாறு படம், என்பது அவருடைய கணக்கு. தாலி கட்டும்போது இரண்டு எடுப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பெரியப்பா இறந்து சில ஆண்டுகள் கழித்து, ஸ்டூடியோவைக் காலி செய்தபோது கேமரா என்னிடம் வந்தது. வேகமான ஷட்டர் நிலைகள் ஓரளவு வேலை செய்தன. 1/30 நொடியைவிட மெதுவான நிலைக்கு வந்தால் ஷட்டரின் இதழ்கள் திறந்து அப்படியே நின்றுவிடும். சில நொடிகள் கழித்து, நினைவு வந்ததுபோல மூடிக்கொள்ளும். முன் வளையத்தைக் கழற்றினால் லென்ஸின் முன்தொகுதியைத் திருகி வெளியே எடுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்து, உள்ளே தெரிந்த கறுத்த இதழ்களின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். பத்து முறை தட்டிப் பார்த்ததில் எல்லாம் வழுவழுவென்று ஓடியது. அன்று மாலை முழுவதும் என் பொறியியல் திறமையை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் திறக்கவே இல்லை.

அதன் காரணம் அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். இந்த வகை ஷட்டரில் காகிதம்போல் மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒளியை மறைத்துக்கொண்டிருக்கும். விசையை அழுத்தியதும் ஒரு வில் அவற்றை விரித்து மீண்டும் மூட வேண்டும். 1/500 என்ற நிலையில் இதற்குக் கிடைக்கும் நேரம் 2 மில்லி நொடி. இவ்வளவு விரைவாக ஓடி நிற்க வேண்டிய பொருள் எடையற்றதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே ஒரு சொட்டு நீர் விட்டுப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பசை இல்லாமலேயே அவை எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று. இதழ்களுக்கு நடுவே புகுந்த எண்ணெயும் அதைத்தான் செய்கிறது. கீலுக்கும் செயினுக்கும் மருந்தாக இருக்கும் எண்ணெய் இங்கே பசையாகிவிடுகிறது. போதாததற்கு, தையல் மிஷின் எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது. மெல்லப் படர்ந்து, ஒளி புகும் துவாரத்தின் அளவை மாற்றும் இன்னொரு இதழ் வரிசைக்கும், அங்கிருந்து ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்துக்கும் போய்விடும்.

பிறகு அதை ஒரு கடையில் கொடுத்தேன். ஊரையும் கடையையும் சொல்லப்போவதில்லை. அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள், நன்றாக ஓடியது, மூன்று வாரம் கழித்துப் பழையபடி ஒட்டிக்கொண்டது. அவர்கள் செய்தது, முன் லென்ஸைக் கழற்றிவிட்டு, லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை ஷட்டருக்குள் ஊற்றி ஆட்டியது மட்டுமே. பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும். ஆனால் கரைந்த எண்ணெயை வெளியே எடுத்துப் போக யாரும் இல்லையென்றால், பெட்ரோல் ஆவியானதும் எண்ணெய் முன்பு இருந்த இடத்திலும் முன்பு இல்லாத இடங்களிலும் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். பழைய கேமரா விற்பவர்கள் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறுநூறு ரூபாய் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்குள் முழுதாகப் பிரித்துக் கோர்த்த வேலையும் அடங்கும், வெளித்தோலை ஈரத் துணியால் துடைத்ததும் அடங்கும்.

அதற்குப் பிறகு கேமரா பீரோவில் போய்ச் சேர்ந்தது. பீரோவில் நாஃப்தலின் உருண்டை இருந்தது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இல்லை. பூச்சிக்கு எதிராகப் பாதுகாக்கப்பட்ட கேமராவின் லென்ஸுக்குள் பூஞ்சை நிம்மதியாக வளர்ந்தது.

2023இல் சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி நண்பர் சொன்னார். பெயர் தேவையில்லை, அங்கே எல்லோரும் அவரை பாய் என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். எழுபது வயது இருக்கும். பதினான்கு வயதில் ஒரு கேமரா கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் திருகுகளைத் தரம் பிரிக்கும் வேலை மட்டும் செய்ததாகச் சொன்னார். நான் கேமராவை நீட்டியதும் அவர் விசையை அழுத்திப் பார்ப்பார், லென்ஸை வெளிச்சத்தில் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பின்கதவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“எண்ணெய் விட்டது நீங்களா, கடைக்காரரா, தம்பி?”

நான் விட்டதை ஒப்புக்கொண்டேன். கடைக்காரர் பெட்ரோல் ஊற்றியதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தன்னிடம் வருபவற்றில் பாதி இப்படித்தான் வருகிறது என்றார். “கேமரா தானா கெட்டிருந்தா எனக்கு ஒரு நாள் வேலை. யாராவது நல்லா ஆக்கியிருந்தா ஒரு வாரம்.”

பிறகுதான் வழக்கமான சோதனைகள் தொடங்கின. ஷட்டரை ‘பி’ நிலையில் வைத்து அழுத்திப் பிடித்து, பின்பக்கமிருந்து சிறு டார்ச்சை அடித்தார். வெள்ளைப் பூண்டு வேர்போல ஒரு மூலையிலிருந்து கிளைத்திருந்த பூஞ்சை நன்றாகத் தெரிந்தது. இந்த லென்ஸ் டெஸ்ஸார் அமைப்பைச் சேர்ந்தது: நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள், ஷட்டருக்கு முன்னால் தனித்தனியாக இரண்டு, பின்னால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இரண்டு. பூஞ்சை அந்த ஒட்டுக்குள் புகுந்திருந்தால் அதோடு கதை முடிந்தது. எங்கள் அதிர்ஷ்டம், அது முன்தொகுதியின் உட்புறத்தில், நான் ஒருமுறை திருகி எடுத்த அதே கண்ணாடியில் இருந்தது. திருகி எடுத்தபோது என் விரல் அதில் பட்டிருக்கலாம் என்பதையும் அவர் சொல்லாமல் சொன்னார். பூஞ்சைக்கு ஈரத்தோடு கொஞ்சம் உணவும் வேண்டுமாம், விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை அதற்கு விருந்தாம். மறுபடியும் எண்ணெய்.

கூலி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஆறு வாரம் என்று முடிவாயிற்று. எதையெல்லாம் செய்வார் என்பதைவிட எதையெல்லாம் செய்யமாட்டார் என்பதைச் சொல்லத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியைத் தொடமாட்டார். முகப்பில் இருந்த நசுங்கலை எடுக்கமாட்டார். பார்வைக் கண்ணாடியில் மூலை கறுத்திருந்த வெள்ளிப்பூச்சையும் விட்டுவிடுவார். அந்தக் கண்ணாடியில் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் அழுத்தித் துடைத்தாலே உரிந்து வரும், கொஞ்சம் மங்கலாகத் தெரிவதோடு போகட்டும் என்றார். சற்றுத் தாமதித்துத் தானாகவே ஷட்டரைத் தட்டிவிடும் ‘செல்ஃப் டைமர்’ நெம்புகோலை அசையாமல் கட்டிவிடப் போவதாகவும் சொன்னார். பழைய ஷட்டர்களில் அதை இழுத்துவிட்டால் பாதியில் நின்று எல்லாவற்றையும் பூட்டிவிடும், பிறகு முழு ஷட்டரையும் பிரிக்க வேண்டிவரும் என்பது அவர் அனுபவம்.

ஒளிமானி விஷயத்தில் எனக்குச் சிறு ஏமாற்றம் இருந்தது. முகப்பின் மேல்பகுதியில் இருக்கும் அந்த ஊசி, பெரியப்பா திரையின் மேல்மூடியைத் திறந்ததும் துள்ளி எழுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் மின்சாரம் பாயும், மூடினால் நிற்கும். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டது. பாதரசத்தின் நஞ்சு காரணமாக அந்த பேட்டரியின் விற்பனை நின்று நீண்ட காலமாகிறது. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், தீரத்தீர அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், அளவும் அதோடு சேர்ந்து பொய்யாகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக பேட்டரியில் 1.4 வோல்ட் கிடைக்கும், வளையம் ஒன்று வைத்து அதைப் பொருத்தலாம். ஆனால் ஸ்டிக்கரை உரித்துக் காற்று பட்டதிலிருந்து பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் பிறகு, ஒளியை உணரும் காட்மியம் சல்ஃபைடு வில்லைக்கே வயதாகிவிட்டது. வேறு கேமராவிலிருந்து எடுத்துப் போட்டால் அதுவும் இதே வயதுக் கிழம்தான்.

“செத்துப்போச்சுன்னா நிம்மதி, தம்பி. அரை உசுருல கிடந்தாத்தான் தொல்லை. ரெண்டு மடங்கு தப்பா காட்டும், நீங்களும் நம்புவீங்க. உங்க பெரியப்பா மீட்டர் பார்த்தா எடுத்தாரு?”

இல்லை என்பதுதான் உண்மை. ஊசி துள்ளுவதைப் பார்ப்பார், பிறகு ஆளின் மூக்குக்கு அடியில் விழும் நிழலைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை வைப்பார். நல்ல வெயிலில் துவாரம் 16 (எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்), ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் வேக எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் என்ற கணக்கை அந்தத் தலைமுறை முழுவதும் மனப்பாடமாக வைத்திருந்தது. 100 வேக ஃபிலிமுக்கு 1/125. நிழல் விளிம்பு மங்கினால் ஒரு படி திறப்பு, நிழலே இல்லையென்றால் இரண்டு அல்லது மூன்று படி.

வேலையைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் வரலாம், பேசக் கூடாது என்றார். மூன்று சனிக்கிழமைகள் போனேன்.

முதல் நாள் நான் கண்டது திருகுகளைப் பற்றிய பாடம். முகப்பை ஒட்டியிருந்த கறுப்புத் தோலின் விளிம்பில் ஸ்பிரிட் தொட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, தட்டையான மூங்கில் குச்சியால் நெம்பினார். அடியில் இருந்த திருகுகளில் ஒன்றின் தலை சிதைந்திருந்தது. அதுவும் என் கைவேலைதான். முன்தொகுதியோடு நிற்காமல் அன்று முகப்பையே கழற்றவும் முயன்றிருந்தேன். ஜப்பானியத் திருகுகளின் கூட்டல்குறி வெட்டு நம் வீடுகளில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரின் முனையோடு முழுவதும் பொருந்துவதில்லை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சாய்வும் மூலையும் வேறு. அழுத்தித் திருப்பினால் முனை வழுக்கி ஏறித் தலையைச் சிதைத்துவிடும். பாய் முனையைத் தானே அராவிச் சரிசெய்த திருப்புளிகளை வைத்திருந்தார். சிதைந்த தலையில் நுண்ணிய ரம்பத்தால் ஒரு கோடு கிழித்து, தட்டை முனையால் திருப்பி எடுத்தார். அதற்கு மாற்று, மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின்னிலிருந்து வந்தது. அந்த டின்னில் இறந்துபோன யாஷிகாக்களின் உறுப்புகள் கிடந்தன. யாஷிகா என்ற நிறுவனத்தை 1983இல் கியோசெரா வாங்கியது, 2005இல் கியோசெராவும் கேமரா தொழிலிலிருந்து விலகியது. புதிய உதிரிபாகம் என்ற பேச்சுக்கே இடமில்லாத உலகில் இந்த பிஸ்கட் டின்தான் தொழிற்சாலை.

இரண்டாம் சனிக்கிழமை ஷட்டர். அது கோப்பால் நிறுவனத்தின் தயாரிப்பு. முகப்பு வெளியே வந்ததும், கடிகாரம் போன்ற அதன் வட்டமான உடல் மேசையின் வெள்ளைத்தாள் மேல் இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் அது இருந்த நிலையைப் பென்சிலால் வரைந்துகொண்டார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்க வாய்வரை வந்தது, பேசக் கூடாது என்ற நிபந்தனை காப்பாற்றியது. ஷட்டருக்குள் சிறு பற்சக்கரங்களின் வரிசை ஒன்று இருக்கிறது. ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களில் இதழ்கள் மூடுவதைத் தாமதிப்பது இதன் வேலை. கடிகாரத்தில் முள்ளின் ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து விடும் அமைப்பைப் போன்றதுதான். ஒரு நொடி வைத்து அழுத்தினால் கேட்கும் ‘கிர்ர்ர்’ என்ற சத்தம் இந்தச் சக்கரங்களுடையது. முப்பது ஆண்டுகளில் இவற்றின் அச்சில் இருந்த எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்தது. 2009இல் நான் பார்த்த கோளாறு முழுவதும் இங்கேதான் இருந்தது. இதழ்களில் அன்று எந்தக் குறையும் இல்லை. நோய் ஒரு மூலையில் இருக்க, ஆரோக்கியமாக இருந்த உறுப்புக்கு நான் மருந்து ஊற்றியிருக்கிறேன்.

இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரைப்பானில் முக்கி, பழைய பருத்தி வேட்டியின் துண்டால் ஒற்றி, அடுத்த கிண்ணத்தில் புதிய கரைப்பானில் மறுபடியும் முக்கினார். மூன்று கிண்ணங்கள். மூன்றாவது கிண்ணத்தில் முக்கி எடுத்த இதழைக் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து உலரவிட்டு, அந்தச் சில்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வானவில் நிறத்தில் சிறு கறை தெரிந்தாலும் எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இரண்டு இதழ்கள் நான்காம் முறையும் போயின. அந்தக் கடை மிச்சப்படுத்தியது இந்த மூன்று கிண்ணங்களைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பூஞ்சை எடுத்தது எதிர்பார்த்ததைவிட விரைவில் முடிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த நீர்மத்தைப் பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றித் துடைத்தார். வேர்கள் போயின. ஆனால் அவை சுரந்த அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை ஓரிடத்தில் அரித்திருந்தது. அந்த மெல்லிய கோலம் இனிப் போகாது. வெயிலை நேருக்கு நேர் பார்த்து எடுத்தால் மட்டும் படத்தில் சிறு மங்கல் தெரியலாம் என்றார்.

மூன்றாம் சனிக்கிழமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டை லென்ஸ் கேமராவில் நாம் ஒரு லென்ஸ் வழியே பார்த்து இன்னொன்றால் படம் எடுக்கிறோம் என்பதால், இரண்டும் ஒரே தூரத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். மேல் லென்ஸ் ஒன்றைக் காட்டிக் கீழ் லென்ஸ் வேறொன்றைப் பதித்தால் அந்தக் கேமராவை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். முகப்பைக் கழற்றி மாட்டும்போது கால் மில்லிமீட்டர் சாய்ந்தாலும் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். கேமராவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல், பொடி தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து ரப்பர் பேண்டால் கட்டினார். ஷட்டரைத் திறந்து நிறுத்தி, முக்காலியில் வைத்து, அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை நோக்கித் திருப்பினார். நகை மதிப்பீட்டாளர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியால் பின்பக்கத்தைப் பார்த்தபடி, கட்டடத்தின் உச்சி எழுத்துகள் கத்தரித்ததுபோல் தெரியும்வரை குமிழைத் திருப்பினார். பிறகு மேலே திரையைப் பார்த்தார். திரையில் எழுத்துகள் சற்றே நுரைத்திருந்தன. மேல் லென்ஸைப் பூட்டியிருந்த சிறு திருகைத் தளர்த்தி, லென்ஸை மயிரிழை சுழற்றி, மறுபடியும் கீழே, மறுபடியும் மேலே. மேல் லென்ஸின் துவாரம் 2.8, கீழ் லென்ஸுடையது 3.5; பார்க்கும் கண் எடுக்கும் கண்ணைவிடக் கறாராக இருக்கட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றபின் என்னையும் பார்க்கச் சொன்னார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த எல்.ஐ.சி.யும் நிமிர்ந்து இடவலம் மாறி நின்ற எல்.ஐ.சி.யும் ஒரே கூர்மையில் இருந்தன.

கீழே வந்து, ஒளி உணரும் சிறு பெட்டியை வைத்து ஷட்டரை அளந்தார். 1/125 சொன்னபடியே ஓடியது. 1/500 என்று எழுதியிருந்தது 1/390 அளவில் இருந்தது. ஒரு நொடி 1.1 ஆக இருந்தது. உச்ச வேகத்தை இன்னும் கூட்ட வேண்டுமென்றால் வில்லை இறுக்க வேண்டும். இந்த வயதில் அது வேண்டாம் என்றார். கால்பங்குப் பிசகை நெகட்டிவ் ஃபிலிம் கண்டுகொள்ளவே செய்யாது. கடைசியாக, பின்கதவின் விளிம்பில் தார்போல் இளகியிருந்த பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு வெல்வெட் பட்டையை ஒட்டினார்.

சோதனைக்கு மன்னார்குடிக்கே போனேன். செக் நாட்டு ஃபோமாபான் 100 ரோல் ஒன்று. இந்துவும் இல்லாத, அன்றைய ஓர்வோவும் இல்லாத காலத்தில் நம் பைக்கு எட்டுவது அதுதான். ரோலின் காகிதத்தில் இருக்கும் அம்புக்குறியைக் கேமராவின் புள்ளிக்கு நேராக நிறுத்திக் கதவை மூடி, கைப்பிடியை முன்னால் சுற்றிப் பின்னால் திருப்பியபோது எண் 1 வந்து நின்றது. இருபத்து மூன்று ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் கரையில் காலை பத்து மணி வெயிலில் முக்காலியை நிறுத்தி, எதிர்க்கரையை ஐந்து முறை எடுத்தேன்: 1/500க்கு 8, 1/250க்கு 11, 1/125க்கு 16, 1/60க்கு 22, 1/30க்கு 32. ஐந்திலும் ஃபிலிமில் விழும் ஒளி ஒன்றே என்பதால், ஷட்டர் சொன்ன சொல் காப்பாற்றினால் ஐந்து நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். மெதுவான வேகங்களுக்கு ராஜகோபாலசாமி கோயிலுக்கு வெளியே மாலை மங்கும்வரை காத்திருந்து கோபுரத்தை எடுத்தேன். அந்தக் ‘கிர்ர்ர்’ சத்தம் தயங்காமல் ஓடி முடிந்தது.

வீட்டில் டி-76 என்னும் டெவலப்பரைக் கலந்து, நம் ஊர்த் தண்ணீரை 20 பாகைக்குக் கொண்டுவர ஐஸ்கட்டிகளோடு போராடிக் கழுவினேன். குளியலறைக் கொடியில் தொங்கிய ரோலில் முதல் ஐந்து சதுரங்களும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருந்தன; 1/500 மட்டும் ஒரு பொட்டு அடர்த்தி கூடுதல், பெட்டி சொன்னபடியே. 32இல் எடுத்தது கொஞ்சம் மழுங்கியிருந்தது. துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்துதான் போகும், அதற்கு பாய் பொறுப்பல்ல.

பன்னிரண்டாவது சட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்காக வைத்திருந்தேன். நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு அவரை நடுவில் கொண்டுவர முயன்று, எதிர்ப்பக்கம் நகர்ந்து, மறுபடியும் நகர்ந்துகொண்டிருந்தேன். அவர் கேமராவைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் இப்படியா ஆடுவாரு” என்றார். அந்த நேரத்தில் அழுத்தினேன். பிறகு கேமராவை வாங்கி மடியில் வைத்து, முகப்பின் நசுங்கலைத் தடவினார்.

“ரிப்பேர்காரர் எண்ணெய் கிண்ணெய் போட்டாராடா?”

“போட்டார் பெரியம்மா. சக்கரத்தோட அச்சுக்கு மட்டும். ஊசி முனையில தொட்டு, ரெண்டு இடம்.”

“அவ்வளவுதானா” என்று கேட்டுவிட்டு, மூவாயிரத்து ஐந்நூறை மனதுக்குள் கணக்குப் போட்டவர்போல அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.